ஐரோப்பாவில் வெப்பப் பம்பு வியாபாரம்: ஏறியது ஏன்? இறங்கியது ஏன்?

சாரத்தில் ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் எழுந்த கேள்வி இது. கேட்டவர் ரோடியர் மில்லில் முப்பது வருஷம் தறி ஓட்டிய பெரியவர். மகளை ஒரு 'சொல்தா' குடும்பத்தில் கட்டிக் கொடுத்ததால் அந்தப் பெண் இன்று பாரீஸ் பட்டணத்துக்கு வெளியே வாடகை வீட்டில் குடியிருக்கிறாள். போனில் அவள் சொன்ன சேதி அவருக்குப் புரியவில்லை.

"தம்பி, வீட்டுச் சொந்தக்காரன் காஸ் கொதிகலனை எடுத்துட்டு ஏ.சி. மாதிரி ஒரு பெட்டி வைக்கறேன்னு சொன்னானாம். அது வீட்டைச் சூடு பண்ணுமாம். சர்க்கார் பணம் குடுக்குதுன்னான். அப்புறம் சர்க்கார் நிறுத்திட்டுது, இப்ப முடியாதுன்னுட்டானாம். ஏ.சி. சூடு பண்ணுமா? சர்க்கார் எதுக்கு அதுக்குப் பணம் குடுக்கணும்? குடுத்தா எதுக்கு நிறுத்தணும்?"

நான் பத்தாவது வரை படித்தவன். அன்று பதில் தெரியவில்லை. ஒரு வாரம் தேடிப் படித்த பிறகு எழுதுகிறேன். ஐரோப்பாக்காரன் குளிர் காய்வதைப் பற்றி நமக்கென்ன என்று இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். அவன் குளிர் காயும் யந்திரமும், நம் ஊரில் வெயிலைத் தணிக்கும் யந்திரமும் ஒரே யந்திரம்தான். அங்கே அது யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போயிற்று என்கிற கதை, நாளைக்கு இங்கே நடக்கப்போகிற கதை.

கிணறும் மோட்டாரும்

பாகூர் பக்கத்து விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்குவது சுலபம். பம்பு செட் மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை. கிணற்றிலே கிடக்கிற தண்ணீரை மேலே இறைத்து வாய்க்காலில் விடுகிறது. அதைப் போலவே வெப்பப் பம்பும் சூட்டை உண்டாக்குவதில்லை. வெளியே காற்றிலும் மண்ணிலும் தண்ணீரிலும் கிடக்கிற சூட்டை இறைத்து வீட்டுக்குள்ளே விடுகிறது.

வெளியே பனி கொட்டும்போது அங்கே சூடு ஏது என்று கேட்கலாம். நம் உடம்புக்குத்தான் அது குளிர். அதைவிடக் குளிர்ந்த ஒரு திரவத்தைக் குழாயில் ஓடவிட்டால், அந்தப் பனிக் காற்றிலிருந்தும் அது சூட்டை உறிஞ்சி ஆவியாகும். அந்த ஆவியை யந்திரம் அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் கையைச் சுடுகிறதல்லவா? அதே சங்கதிதான். அழுத்தியதால் சூடேறிய ஆவி வீட்டுக்குள் வந்து சூட்டைக் கக்கிவிட்டு மறுபடி திரவமாகிறது. இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் திருப்பிப் போட்டால், வீட்டுக்குள்ளே இருக்கும் சூட்டை வெளியே இறைக்கும். அதுதான் ஏ.சி. ரிப்ரிஜிரேட்டரும் அதுதான். பெட்டியின் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், சுடும்.

இதிலே லாபம் எங்கே? ஒரு யூனிட் மின்சாரத்தைச் சாதாரண ஹீட்டரில் போட்டால் ஒரு யூனிட் சூடு வரும். வெப்பப் பம்பில் போட்டால் மூன்று, சில சமயம் நாலு யூனிட் சூடு வரும். கூடுதலாக வருவது வெளியிலிருந்து இறைத்தது. கிணறு ஆழமானால் மோட்டார் திணறுவது போல, வெளியே குளிர் கடுமையானால் இந்த யந்திரமும் திணறும். ஆனாலும் நல்ல யந்திரம். நிலக்கரி, எண்ணெய், காஸ் மூன்றையும் மிச்சம் பிடிக்கிற யந்திரம். இதிலே தகராறு இல்லை. தகராறெல்லாம் பிறகுதான் வருகிறது.

முப்பது லட்சத்திலிருந்து

2022ஆம் வருஷம் உக்ரெய்ன் யுத்தம் தொடங்கியது. ருஷ்யக் காஸ் குறைந்தது. ஐரோப்பா பூராவும் காஸ் விலை எகிறியது. குளிர்காலத்தில் பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றுவது என்று ஜனங்கள் பயந்தார்கள். அந்த ஒரே வருஷத்தில் ஐரோப்பாவில் ஏறத்தாழ 30 லட்சம் வெப்பப் பம்புகள் விற்றன. பத்திரிகைகளெல்லாம் 'புரட்சி' என்று எழுதின. முதலாளிகள் புதுத் தொழிற்சாலை கட்டினார்கள். பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன், 2027ல் தம் நாட்டிலேயே வருஷத்துக்குப் பத்து லட்சம் பம்பு உற்பத்தி செய்வோம் என்று 2023 செப்டம்பரில் அறிவித்தார். ஜெர்மனியில் தலைமுறை தலைமுறையாகக் கொதிகலன் செய்துவந்த வீஸ்மான் குடும்பம், 2023 ஏப்ரலில் தன் வெப்பப் பம்புத் தொழிலை அமெரிக்காவின் காரியர் கம்பெனிக்கு 1,200 கோடி யூரோவுக்கு விற்பதாக அறிவித்தது. சரக்குக்குக் கிராக்கி உச்சத்தில் இருக்கும்போது விற்றுவிட்டது. முதலாளிக்கு மோப்பம் உண்டு!

2023ல் விற்பனை சரியத் தொடங்கியது. 2024ல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்து ஏறத்தாழ 23 லட்சத்தில் நின்றது. புதுத் தொழிற்சாலைகளில் யந்திரங்கள் சும்மா கிடந்தன. ஓவர்டைம் பார்த்த தொழிலாளிக்குக் குறைநேர வேலை. சிலருக்கு அதுவும் இல்லை.

யந்திரம் இரண்டு வருஷத்தில் கெட்டுப்போய்விட்டதா? இல்லை. குளிர் குறைந்ததா? இல்லை. பின்னே?

ஒவ்வொரு நாடாகப் பார்த்தால்தான் விஷயம் புலப்படுகிறது.

ஜெர்மனியில் பாதிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள். 2023ல் புது வெப்பச் சட்டம் கொண்டுவந்தார்கள். இனி புதிதாக வைக்கும் வெப்பச் சாதனம் பெரும்பாலும் காஸ், எண்ணெய் இல்லாத சக்தியில் ஓட வேண்டும் என்பது அதன் சாரம். நோக்கம் சரிதான். ஆனால் செலவை யார் ஏற்பது, வாடகைக்காரன் தலையில் எவ்வளவு விழும் என்பதை முதலில் தீர்க்காமல் சட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பெரிய முதலாளிப் பத்திரிகைகள் பீதியைக் கிளப்பின. வீடு பறிபோகும் என்று பேசின. வலதுசாரிகள் அதிலே குளிர் காய்ந்தார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? சட்டம் வருமுன் வாங்கிவிடலாம் என்று ஜனங்கள் பழைய காஸ் கொதிகலனையே வாங்கிக் குவித்தார்கள். 2023ல் அங்கே விற்ற வெப்பப் பம்பு 3 லட்சத்து 56 ஆயிரம். அதே வருஷம் விற்ற காஸ் கொதிகலன் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்! அடுத்த வருஷம், 2024ல், பம்பு விற்பனை 1 லட்சத்து 93 ஆயிரமாகச் சரிந்தது. சர்க்கார் மானியம் 70 சதவீதம் வரை கிடைக்கும் என்று நிலைப்பட்ட பிறகுதான் மெல்ல எழுந்தது. 2025ன் முதல் பாதியில் அங்கே வெப்பப் பம்பு காஸ் கொதிகலனை விற்பனையில் முந்தியது.

போலந்தில் நடந்தது இன்னும் வயிற்றெரிச்சல். அங்கே ஏழை வீடுகளில் நிலக்கரி அடுப்பு. புகையில் ஊரே மூச்சுத் திணறும். சர்க்கார் 'தூய காற்று' என்று ஒரு திட்டம் போட்டு மானியம் கொடுத்தது. 2022ல் விற்பனை ஒரே வருஷத்தில் இரட்டிப்புக்கு மேல் ஆயிற்று. உடனே ஏஜெண்டுகள் வீடு வீடாகப் புறப்பட்டார்கள். வயதானவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். சுவரில் ஓட்டை, கூரையில் விரிசல், அதை அடைக்காமல் மட்டமான யந்திரத்தை மாட்டிவிட்டு மானியத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குளிர்காலம் வந்தது, மின்சாரப் பில் வந்தது, கிழவிகள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். யந்திரத்தின் பேரே கெட்டது. 2023ல் விற்பனை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. மோசடி தாங்காமல் 2024 நவம்பரில் சர்க்காரே திட்டத்தை நிறுத்தி வைத்து, 2025 மார்ச்சு கடைசியில்தான் புது விதிகளோடு திறந்தது. நம் ஊரில் கடன் மேளா, மானிய ஆடு, மானிய மாடு என்று பார்த்தவர்களுக்கு இதிலே ஆச்சரியம் ஒன்றும் இராது.

இத்தாலியில் தலைகீழ் வேடிக்கை. 2020ல் ஒரு சலுகை. வீட்டை மராமத்து செய்து வெப்பச் சாதனம் மாற்றினால் செலவில் 110 சதவீதம் வரிக் கழிவு! நூறு ரூபாய் செலவழித்தவனுக்கு நூற்றுப் பத்து. யாருக்கு இது? சொந்த வீடு உள்ளவனுக்கு. குடிசைக்காரனுக்கும் வாடகைக்காரனுக்கும் எட்டியது குறைவு. அரசாங்கக் கஜானாவிலிருந்து பத்தாயிரம் கோடி யூரோவுக்கு மேல் போன பிறகு, 2023ல் வாயை இறுக்கிக் கட்டினார்கள். கட்டியதும் விற்பனை சரிந்தது.

பெரியவர் மகள் சொன்ன பிரான்சுக் கதையும் இதே ஜாதி. அங்கே 2020ல் ஒரு மராமத்து மானியம் தொடங்கினார்கள். 2025 கோடையில் புது மனுக்களை வாங்குவதை நிறுத்திவிட்டு, செப்டம்பர் கடைசியில் வரம்புகளோடு மறுபடி திறந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரன் இன்றைக்கு வைக்கிறேன் என்பான், நாளைக்கு முடியாது என்பான். குளிரில் உட்கார்ந்திருப்பது வாடகைக்காரி.

வடக்கே ஏன் எடுபட்டது?

நார்வே, சுவீடன், பின்லாந்து மூன்றும் ஐரோப்பாவிலேயே கடுங்குளிர் நாடுகள். ஆழமான கிணற்றில் மோட்டார் திணறும் என்று சொன்னேனே, அந்தக் கணக்குப்படி அங்கேதான் இந்த யந்திரம் எடுபடாமல் போக வேண்டும். நடந்ததோ நேர்மாறு. நார்வேயில் பத்து வீட்டுக்கு ஆறு வீட்டில் வெப்பப் பம்பு இருக்கிறது. 55 லட்சம் ஜனத்தொகை கொண்ட பின்லாந்தில் 2022ல் மட்டும் இரண்டு லட்சத்தை ஒட்டி விற்றது.

இதன் ரகசியம் மின்சாரத்தில் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். காஸில் ஒரு யூனிட் சூட்டுக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் ஒரு யூனிட் நாலு ரூபாய். வெப்பப் பம்பு நாலு ரூபாய் மின்சாரத்தைத் தின்று மூன்று யூனிட் சூடு தருகிறது. அப்படியானால் ஒரு யூனிட் சூட்டுக்கு ஒரு ரூபாய் முப்பத்து மூன்று காசு. காஸைவிட நஷ்டம். மின்சாரம் இரண்டு ரூபாயானால்? ஒரு யூனிட் சூட்டுக்கு அறுபத்தேழு காசு. லாபம். யந்திரம் அதேதான். விலைப்பட்டியல் மாறியது, அவ்வளவுதான்.

பிரிட்டனில் வீட்டுக்கு வரும் மின்சாரம் காஸைப்போல் ஏறத்தாழ நாலு மடங்கு விலை. அங்கே 7,500 பவுன் மானியம் கொடுத்தும், 2024ல் விற்பனை ஏறியும்கூட, வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தொடுவதே பாடாக இருந்தது. சின்ன பின்லாந்து எங்கே, ஏழு கோடியை நெருங்கும் பிரிட்டன் எங்கே! ஜெர்மனியில் ஏறத்தாழ மூன்று மடங்கு. வடக்கே அந்த இடைவெளி சிறியது. நார்வேயின் மின்சாரம் மலையருவியில் பிறப்பது. அந்த நீர்மின் நிலையங்களில் பெரும்பங்கு சர்க்காருக்கும் நகரசபைகளுக்கும் சொந்தம். சுவீடனில் 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எண்ணெய் மேல் வரியைக் கூட்டிக்கொண்டே வந்தார்கள். 1991ல் கரிக்கு வரி போட்டார்கள். எண்ணெய் எரிப்பது தண்டச் செலவு என்று ஆக்கினார்கள்.

சுவீடனும் ஒரு தடவை விழுந்து எழுந்த நாடுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். 1980களில் மானியம் வந்தது, பம்பு விற்றது. எண்ணெய் விலை இறங்கியது, மானியம் நின்றது, கம்பெனிகள் கவிழ்ந்தன. வாங்கியவர்கள் மட்டமான யந்திரத்தோடு மாட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் சர்க்கார் யந்திரங்களைச் சோதித்துப் பார்த்து, தரம் நிர்ணயித்து, வேலை தெரிந்தவர்களைப் பழக்கி, பொறுமையாக மறுபடி ஆரம்பித்தது. இருபது முப்பது வருஷப் பாடு அது. போலந்து ஏஜெண்டு இரண்டு வருஷத்தில் செய்ததல்ல.

அதைவிட எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. ஸ்டாக்ஹோமிலும் ஹெல்சிங்கியிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பெட்டி என்று மட்டும் இல்லை. பட்டணத்துச் சாக்கடைத் தண்ணீரில் இருக்கும் சூட்டைப் பெரிய பெரிய பம்புகள் இறைத்து, குழாய் வழியாகத் தெருத்தெருவாக அனுப்புகின்றன. ஹெல்சிங்கியில் ஒரு பூங்காவின் அடியில், பாறைக்குள் குடைந்து அப்படி ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். 2006லிருந்து ஓடுகிறது. கோடையில் அதே நிலையம் குளிர்ந்த தண்ணீரை அனுப்புகிறது. நிலையம் நகரசபைக்குச் சொந்தமான கம்பெனியுடையது. மந்திரி குளித்த தண்ணீரும் தொழிலாளி குளித்த தண்ணீரும் ஒரே சாக்கடையில் கலந்து இருவர் வீட்டையும் சூடாக்குகிறது! நகைப்புக்குச் சொல்லவில்லை. குடிதண்ணீரைப் போல, தெருவிளக்கைப் போல, சூட்டையும் குளிர்ச்சியையும் பொதுச் சேவையாக நடத்த முடியும் என்பதற்கு இது கண்கண்ட அத்தாட்சி.

ஆகப் பெரியவரின் கேள்விக்கு என் பதில் இது. யந்திரம் விற்பதும் விற்காததும் யந்திரத்தின் குணத்தால் அல்ல. மின்சாரம் யார் கையில் இருக்கிறது, அதன் விலையை யார் நிர்ணயிக்கிறார்கள், வீடு யாருக்குச் சொந்தம், மானியம் நிலையானதா அல்லது தேர்தலுக்குத் தேர்தல் மாறுவதா, இவைதான் தீர்மானிக்கின்றன. மார்க்கெட்டின் கையில் விட்ட இடத்தில் அது யுத்த பயத்தில் ஏறியது, மானியம் நின்றதும் விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் தொழிலாளி வேலைக்கு எடுக்கப்பட்டு வெளியே அனுப்பப்பட்டான்.

புதுச்சேரிக்கு வருவோம்

பிரான்சு முதலாளித்துவ நாடு. அங்கேயே, மின்சாரத்தைத் தனியார் பங்குதாரர்களோடு வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது என்று கண்டு, ஈ.டி.எப். என்ற பெரிய மின்சாரக் கம்பெனியை 2023 ஜூனில் நூற்றுக்கு நூறு அரசுடைமையாக்கிவிட்டார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னால் டில்லியிலே என்ன அறிவித்தார்கள்? 2020 மே மாதம், கொரோனாவில் ஊரே அடைந்து கிடந்தபோது, யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுப்போம் என்று மத்திய நிதி மந்திரி அறிவித்தார். புதுச்சேரி மின்துறை ஊழியர்கள் 2022 செப்டம்பர் 28 முதல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அன்று சாரத்தில் விளக்கு அணைந்த தெருக்களில் ஊழியர்களைத் திட்டியவர்களும் உண்டு. நான் மறைக்க விரும்பவில்லை. என் வீட்டுக்குள்ளேயே திட்டினார்கள். மேலே போட்ட கணக்கை அவர்களுக்குத்தான் முதலில் காட்ட வேண்டும். மின்சாரம் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை லாபக் கணக்கன் எழுத ஆரம்பித்தால், எந்த நல்ல யந்திரம் வந்தாலும் அது நம் வீட்டு வாசலில் நின்றுவிடும்.

நமக்கு வேண்டியது சூடு அல்ல, குளிர்ச்சி. இந்த யந்திரம் இந்தியாவில் ஏ.சி.யாக வருகிறது. 2019ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டமே, நூறு வீட்டில் எட்டு வீட்டில்தான் ஏ.சி. இருக்கிறது என்று எழுதியது. பிறகு விற்பனை வேகமாக ஏறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி. மேல் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 2021ல் ஏ.சி.யும் எல்.இ.டி. விளக்கும் செய்யும் கம்பெனிகளுக்கு உற்பத்தி ஊக்கத்தொகை என்று 6,238 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் இருக்கிற ஸ்ரீசிட்டியில் டைகின், புளூ ஸ்டார் தொழிற்சாலைகள் எழுந்தன. உற்பத்தி பெருகுவது நல்லதே. ஆனால் ஏ.சி. என்பது கோடைச் சரக்கு. கோடைக்கு முன் ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பதும், மழை வந்ததும் வீட்டுக்கு அனுப்புவதும் இந்தத் தொழிலின் சுபாவம். ஐரோப்பாவில் இரண்டு வருஷத்தில் நடந்த ஏற்ற இறக்கம் இங்கே வருஷா வருஷம் நடக்கும்.

குளிரூட்டும் யந்திரத்தைச் செய்கிறவனுக்குச் சங்கம் வைக்கும் உரிமையாவது லேசில் கிடைத்ததா? சுங்குவார்சத்திரத்து சாம்சங் தொழிற்சாலையில் ரிப்ரிஜிரேட்டரும் துணி துவைக்கும் யந்திரமும் டெலிவிஷனும் செய்கிற தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் பந்தலில் உட்கார்ந்தார்கள். அவர்கள் சங்கம் பதிவாவதற்கு 2025 ஜனவரி ஆயிற்று. குளிர்ந்த பெட்டி செய்தவர்கள் வெயிலில் உட்கார்ந்தே அதை வாங்கினார்கள்.

நூலுக்கு ஒரு காற்று, ஆளுக்கு ஒரு காற்று

மில் தொழிலாளிக்கு இதிலே புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரியவர் தம் அனுபவத்தைச் சொன்னார்: "தறி ஷெட்டிலே ஈரக் காத்து விடுவான் தம்பி. எங்களுக்குன்னு நெனச்சியா? நூலு அறுந்துடக் கூடாதுன்னு. நமக்கு வேர்வை காயாது. நூலு சுகமா இருக்கும்."

இது சரியான விஞ்ஞானம். நெசவுக்குக் காற்றில் ஈரப்பதம் 75, 80 சதவீதம் வரை வேண்டும், இல்லாவிட்டால் நூல் அறும். மனித உடம்போ வேர்வை காய்ந்தால்தான் குளிரும். காற்றில் ஈரம் நிறைந்தால் வேர்வை வழியும், காயாது. உடம்புச் சூடு உள்ளேயே தங்கும். புதுச்சேரி கடலோர ஊர். வெளியிலும் அதே நிலைமைதான். தர்மாமீட்டர் 37 காட்டும், உடம்பு அதற்கு மேல் தவிக்கும். பாகூர் வயலில் பகல் பன்னிரண்டு மணிக்குக் குனிந்து நாற்று நடுகிற பெண்ணுக்கு மேலே வெயில், கீழே சேற்றுத் தண்ணீரின் ஆவி. அவள் மயங்கி விழுந்தால் 'பித்தம்' என்று சொல்லி மோர் கொடுப்போம். அவளுக்கு அன்றைய கூலி பாதி.

சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2019ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2030ல் இந்தியாவின் மொத்த வேலை நேரத்தில் 5.8 சதவீதம் வெப்பத்தால் வீணாகும், அது 3 கோடி 40 லட்சம் பேருடைய முழுநேர வேலைக்குச் சமம் என்று. அதிகம் அடிபடுவது விவசாய வேலையும் கட்டட வேலையும். அந்த நேரத்தின் கூலியை யார் இழப்பார்கள் என்று கணக்கில் தனியாக எழுதத் தேவையில்லை.

1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13வது பிரிவு, வேலை அறையில் தொழிலாளிக்கு நியாயமான சௌகரியம் தரும் உஷ்ணநிலை இருக்க வேண்டும் என்று சொன்னது. 15வது பிரிவு, மில்லில் ஈரக் காற்று விடுவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. காகிதத்தில் இருந்தது, இன்ஸ்பெக்டர் வரும் அன்று ஜன்னல் திறந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் போய், அதன் இடத்தில் புதுத் தொழிலாளர் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. மின்சாரம் உபயோகிக்கும் பட்டறையில் பத்துப் பேர் இருந்தால் முன்பு அது தொழிற்சாலை. இப்போது இருபது பேர் இருந்தால்தான். பத்தொன்பது பேர் வேலை செய்யும் பட்டறையின் தகரக் கூரை மட்டும் புதுச் சட்டத்தைப் பார்த்துக் குளிர்ந்துவிடுமா?

தமிழ்நாடு சர்க்கார் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. செத்த பிறகு கொடுப்பதற்காவது ஒரு வழி பிறந்தது, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சாகாமல் இருப்பதற்கு என்ன?

இங்கே சில தோழர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஏ.சி. பணக்காரன் சொகுசு, அதைப்பற்றி நாம் பேசக் கூடாது என்கிறார்கள். 2003ல் பிரான்சில் ஒரே ஒரு கோடை வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் செத்தார்கள். பெரும்பாலும் தனியாக இருந்த கிழவர், கிழவிகள். பணக்கார நாட்டிலேயே அப்படி. ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில், தகரக் கூரை போட்ட அங்கன்வாடியில், இரவு ஷிப்டு முடிந்து பகலில் தூங்க வேண்டியவன் குடிசையில் குளிர்ச்சி என்பது சொகுசு அல்ல. அரிசியைப் போல, மருந்தைப் போல. அதே சமயம், வீட்டுக்கு ஒரு பெட்டி மாதத் தவணையில் வாங்கிக்கொள் என்பதும் தீர்வு அல்ல. ஒவ்வொரு பெட்டியும் தன் வீட்டுச் சூட்டை எடுத்து அடுத்த வீட்டுக்காரன் முகத்தில் ஊதுகிறது. சாரத்தின் சந்துகளில் நடந்து பாருங்கள், மாடி வீட்டு ஏ.சி.யின் அனல் கீழ் வீட்டுத் திண்ணையில் அடிக்கும். மாடிக்காரன் குளிர்கிறான், திண்ணைக் கிழவி அவன் சூட்டையும் சேர்த்துச் சுமக்கிறாள்.

பொதுவாகச் செய்ய வழி இல்லையா? இருக்கிறது. ஹெல்சிங்கியைச் சொன்னேன். பாரீஸில் 1991லிருந்து குளிர்ந்த தண்ணீரைக் குழாய் வழியாகக் கட்டடங்களுக்கு அனுப்புகிறார்கள், ஸேன் நதியின் தண்ணீரை உதவிக்கு வைத்துக்கொண்டு. லூவ்ர் மியூசியத்துச் சித்திரங்கள் அதில்தான் குளிர்கின்றன. ஏன், இந்தியாவிலேயே குஜராத்தின் கிப்டு சிட்டியில் அப்படி ஒரு பொதுக் குளிர்ச்சி நிலையம் ஓடுகிறது. யாருக்கு? பாங்கிகளுக்கும் பங்கு வியாபாரக் கம்பெனிகளுக்கும். செய்ய முடியும் என்று அவர்களே நிரூபித்துவிட்டார்கள். தெலுங்கானா சர்க்கார் 2023ல் வெயிலைத் திருப்பி அடிக்கும் கூரைக்கென்று ஒரு கொள்கையே போட்டது. மொட்டை மாடிக்கு வெள்ளை பூசுவதற்குப் பெரிய விஞ்ஞானி வேண்டாம்.

ஜெனரல் ஆஸ்பத்திரி வார்டு, ரேஷன் கடை வரிசை, அங்கன்வாடி, மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர்கள் மத்தியானம் சாயும் இடம், இவற்றிலே சர்க்கார் செலவில் குளிர்ச்சி வேண்டும். வெயில் காலத்தில் பதினொன்று முதல் நாலு மணி வரை வெளி வேலைக்கு ஓய்வு வேண்டும், கூலி பிடிக்காமல். கடைசி இரண்டு வார்த்தைகளை விட்டுவிட்டு ஓய்வு மட்டும் கொடுப்பார்கள். அது ஓய்வு அல்ல, பட்டினி. விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் அதுதான்.

நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் நம் ஊரின் சரித்திரத்தை ஒரு தரம் நினைத்துக்கொள்ளலாம். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 தொழிலாளிகள் மாண்டார்கள். அடுத்த வருஷம், 1937 ஏப்ரலில், எட்டு மணி நேர வேலை இந்தப் புதுச்சேரியில் சட்டமாயிற்று. எட்டு மணிக்கு மேல் கேட்காதே என்று சொல்ல முடிந்த ஊரில், இந்த வெயிலில் கேட்காதே என்று சொல்ல முடியாதா? அந்த மில்கள் இன்று இல்லை. ரோடியர் மில்லும் 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. மில்லில் இருந்தவர்கள் இன்று கட்டட வேலையிலும் பெயிண்டு வேலையிலும் பைக்கில் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையிலும் இருக்கிறார்கள். ஷெட்டுக்குள் வேர்த்தவர்கள் இப்போது ரோட்டில் வேர்க்கிறார்கள். கேட்பதற்கு ஒரே கேட்டில் கூடி நிற்க முடியாது என்பதுதான் கஷ்டம். தெருவாரியாகத்தான் சேர வேண்டியிருக்கும்.

பெரியவரிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது டீ ஆறிவிட்டது. அவர் மகளுக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அங்க கரெண்டு யூனிட் என்ன வெலம்மா?" அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுச் சொந்தக்காரனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். இங்கே நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சாரத்திலும் முத்தியால்பேட்டையிலும் பாகூரிலும் இருக்கிற வாசகர்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரை வருகிற மின்சாரப் பில்களைக் கிழித்துப் போடாமல் எடுத்து வையுங்கள். வாடகை வீட்டில் பொது மீட்டருக்குச் சொந்தக்காரர் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார் என்பதையும் ஓர் ஓரத்தில் எழுதி வையுங்கள். ஜூலையில் பத்திரிகை போட வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.